ஐடல் என்னும் சொல்லும் அர்ச்சாவதாரம் என்னும் பொருளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



பொய்கையாழ்வார் அருளிச்செய்த முதல் திருவந்தாதியின் நாற்பத்து நான்காம் பாசுரத்தின் பொருளைச் சிந்திப்பது இக்கட்டுரையின் நோக்கம். தன் அடியார் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதையே எம்பெருமான் தன் உருவமாகக் கொள்கிறான். அவர்கள் எந்தப் பெயரை இடுகிறார்களோ அதையே தன் பெயராகக் கொள்கிறான். அவர்கள் எவ்வகையில் இடைவிடாமல் நினைக்கிறார்களோ அவ்வகையிலேயே நிற்கிறான் என்பது அப்பாசுரத்தின் திரண்ட கருத்து. இதற்குப் பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்கள் உள்ளன. அவற்றுக்கு மேல் ஒன்றும் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆயினும் இப்பாசுரத்தை நோக்கி நம்மை இழுத்து வந்தது ஓர் ஆங்கிலச் சொல். அதைத் தேவரீர்களிடம் விண்ணப்பிக்கலாம் என்று தோன்றியது.

கடல்கடந்து வாழும் நம் பேத்தி சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய பள்ளிப் பயிற்சித்தாளில் ஒரு வாக்கியம் இருந்ததாம்: ஹிந்துக்கள் ஐடல்களை வழிபடுகிறார்கள், சரியா, தவறா? "தாத்தா, சரின்னு போட்டா மனசுக்குப் பிடிக்கலே. தப்புன்னு போட்டா நம்மாத்துக் கோயிலாழ்வாரிலே இருக்கிறது யாரு? எதைப் போடட்டும்?" என்று கேட்டாள். கணக்கியல் படித்து, வங்கியில் முப்பதாண்டுகளுக்கு மேல் பற்றும் வரவும் எழுதிய நமக்கு அந்தச் சிறு கட்டத்தில் எந்தக் குறியை இடுவது என்று தெரியவில்லை. சொல்லின் கணக்கை முதலிலிருந்து பார்த்தாலன்றி விடை கிடைக்காது என்று மட்டும் தெரிந்தது.

சொல்லின் பிறப்பு

ஐடல் என்பது கிரேக்க மொழியில் எய்டோலன் என்றிருந்து, இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கும், பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கும் வந்த சொல். எய்டோஸ் என்றால் வடிவு, தோற்றம். அதிலிருந்து பிறந்த எய்டோலன் என்பதற்கு நிழலுரு, நீரில் தெரியும் பிம்பம், மாயத்தோற்றம் என்று பொருள். கிரேக்கர்களின் பழங்காவியமான ஒடிஸியில் ஓரிடம் உண்டு. கதாநாயகன் இறந்தோர் உலகுக்குச் சென்று, தன்னைப் பெற்ற தாயைக் காண்கிறான். மும்முறை அவளைத் தழுவப் பாய்கிறான்; மும்முறையும் அவள் நிழல்போலக் கைகளினின்று நழுவிப் போகிறாள். என்னை ஏமாற்ற அனுப்பப்பட்ட எய்டோலனோ இது என்று அவன் கதறுகிறான். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. உருவம் உண்டு, உள்ளே ஆளில்லை என்பதே அச்சொல்லின் முதற்பொருள்.

பின்னர், கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் முன்பு, யூதர்களின் மறைநூல் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. பிற இனத்தார் வணங்கிய உருவங்களைக் குறிக்க ஹீப்ரு மொழியில் பல சொற்கள் இருந்தன. அவற்றுள் சில கடுமையான இகழ்ச்சிச் சொற்கள். பெயர்த்தவர்கள் அவற்றிற் பலவற்றுக்கு எய்டோலன் என்ற ஒரே சொல்லை இட்டார்கள். அன்றுமுதல் அது பொய்த்தெய்வம் என்னும் பொருளைச் சுமக்கலாயிற்று. சேவை என்று பொருள்படும் லத்ரெய்யா என்ற சொல் அதனோடு சேர, ஐடலேட்ரி என்ற குற்றப்பெயர் உண்டாயிற்று. கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலயப் படங்களை அச்சொல்லால் அழைப்பதில்லை. அவற்றுக்கு எய்கோன், அதாவது ஐகான் என்று வேறு பெயர். 787ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய சங்கம், படங்களுக்குச் செய்யும் மரியாதை வேறு, இறைவனுக்கே உரிய சேவை வேறு என்று பிரித்து முடிவு செய்தது. ஆகத் தன் வீட்டில் இருப்பது ஐகான், அயல் வீட்டில் இருப்பது ஐடல் என்று வழக்கு நிலைத்தது. ஐடல் என்பது ஒரு பொருளின் பெயராக மட்டும் இல்லை. அதைப் பற்றிய தீர்ப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இன்று திரைநட்சத்திரங்களையும் பாடகர்களையும் ஐடல் என்று புகழ்ச்சியாகச் சொல்கிறார்கள். அப்புகழ்ச்சியிலும் அளவுக்கு மீறிய மயக்கம் என்னும் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. எய்டோஸ் என்ற சொல்லின் வேர், மொழிநூலார் கருத்தில், காண்டல், அறிதல் என்னும் பொருளுடையது. அதே வேரிலிருந்தே ஸம்ஸ்க்ருதத்தில் வித் என்ற தாதுவும், அதனின்று வேதம் என்ற சொல்லும் வந்தன. ஐடியா, வீடியோ என்பவையும் அக்குடும்பத்தினவே. வேதத்தின் உடன்பிறப்பான ஒரு சொல்லைக் கொண்டே வேதம் ஓதுவோர் வழிபாட்டை இகழ்ந்தார்கள் என்பது காலத்தின் கோலம்.

தரங்கம்பாடியில்

பேத்தியைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றோம். இக்கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706 ஜூலை மாதம், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் ஜெர்மானியப் பாதிரிமார் இருவர் அக்கரையில் இறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். அவருடைய உழைப்பை யாரும் மறுக்க இயலாது. தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்தார், அச்சுக்கூடம் நிறுவினார், 1719இல் இவ்வூரிலேயே உயிர்துறந்தார்.

ஆனால் அவர் கொண்டுவந்த சரக்குகளுள் ஐடல் என்ற கருத்தும் ஒன்று. 1713இல் இங்கு அச்சான ஒரு சிறு நூலின் பெயரே அக்கியானம் என்பது. நம் முன்னோர் செய்த ஆராதனை அஞ்ஞானம் என்பது அதன் துணிபு. அதே ஆண்டில் அவரே தென்னாட்டுத் தெய்வங்களின் வம்ச வரலாறு என்றொரு பெருநூலையும் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். இங்குள்ளோர் பராபரவஸ்து என்ற ஒரே பரம்பொருளை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதிலிருந்தே அந்நூல் தொடங்குகிறது. பழகப் பழக அவர் கண் திறந்தது என்றே சொல்லலாம். ஹாலே நகரிலிருந்த அவருடைய மேலோர், பொய்ச்சமயத்தை ஒழிக்க அனுப்பியிருக்க அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அதை அச்சிடாமல் வைத்துவிட்டனர். 1867இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. 154 ஆண்டுகள்! ஒரு சொல்லின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இதுவே போதும்.

தரங்கம்பாடியோடு நின்றுவிடாமல் இவ்வழக்கு நம் தமிழுக்குள்ளும் புகுந்தது. தமிழ் விவிலியத்தில் ஐடலுக்கு விக்கிரகம் என்ற சொல்லே நிலைபெற்றது. நமக்குத் திவ்யமங்கள விக்ரஹம் என்று கைகூப்பும் சொல், அங்கே விலக்க வேண்டியதன் பெயராயிற்று. பிறர்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரவர் நூலை அவரவர் தம் கொள்கைப்படி பெயர்த்துக்கொண்டனர். நாமும் நம்மையறியாமல் அந்த அர்த்தத்திலேயே பேசத் தொடங்கிவிட்டோம் என்பதே நம் வருத்தம்.

நாமே எழுதிய சொல்

அவ்வருத்தத்துக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. டெல்டாவில் ஒரு கிளையில் அதிகாரியாக இருந்த காலத்தில், ஒரு சிறு கிராமத்துப் பெருமாள் கோயில் திருவாபரணங்கள் எங்கள் இரும்பறையில் பாதுகாப்புக்கு வந்தன. பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஐடலுக்குரிய நகைகள் என்று எழுதி, உடன்வந்த முதிய அர்ச்சக ஸ்வாமியிடம் கையொப்பத்துக்கு நீட்டினோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்வாமி, நான் இங்கிலீஷ் படிச்சதில்லை. ஆனா இந்தப் பதக்கம் பெருமாளோடது. காலம்பற சாத்தி, ராத்திரி களைஞ்சு, இந்தக் கையாலே நாப்பது வருஷம் எண்ணி வெச்சிருக்கேன். அவர் பேரைப் போடக்கூடாதா?" என்றார். படிவத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினோம். இடம் இருந்தது. மனமில்லை. அந்த வரி இன்றும் ஏதோ ஒரு பழைய பதிவேட்டில் நம் கையெழுத்தில் இருக்கும். ஊர்த்வபுண்டரம் தரித்து, நித்யம் திருவாராதனம் செய்யும் நாமே எழுதிய வரி அது.

அன்று நாம் அறியாதது, நம் நாட்டுச் சட்டமே அந்த அர்ச்சகரின் பக்கம் இருந்தது என்பது. 1925இல் பிரிவி கௌன்சில் ஒரு வங்காளக் குடும்பத்து வழக்கில், ஆராதிக்கப்படும் திருமேனி சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்றும், எங்கே எழுந்தருளியிருப்பது என்பதில் அத்திருமேனியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெருமாளுக்குச் சொத்து உண்டு. அவர் வழக்குத் தொடுக்கலாம். 1967இல் நம் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் அவர் நிலை ஒரு மைனர் குழந்தையின் நிலையை ஒத்தது, காப்பவர் பொறுப்பைத் தவறினால் அவர் பொருட்டு அடியார் வழக்காடலாம் என்றது. இதை வாசித்தபோது நமக்கு மெய்சிலிர்த்தது. ஸர்வஸ்வதந்திரனான ஈச்வரன் அர்ச்சையில் தன்னை அர்ச்சகன் கையில் ஒப்படைத்து, நீராட்டினால் நீராடி, அமுது செய்வித்தால் அமுது செய்து, கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து, பரதந்திரனாய்க் கிடக்கிறான் என்றுதானே நம் ஆசார்யர்கள் உருகியிருக்கிறார்கள்! சட்டம் ஐடல் என்ற சொல்லையே ஆண்டது. ஆயினும் அதன் பொருள் அங்கே தலைகீழாயிற்று: கிரேக்கத்தில் ஆளில்லாத உருவம், நீதிமன்றத்தில் உருவத்தோடு கூடிய ஆள்.

நம் சொற்கள்

நம் பெரியோர் ஆண்ட சொற்களைப் பாருங்கள். அர்ச்சை என்பது ஆராதித்தல், துதித்தல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து வந்தது. பொருளின் செய்கையை அன்றி, அதன்முன் நிற்பவனுடைய பக்தியைச் சொல்லும் பெயர் அது. விக்ரஹம் என்பது தனித்து விளங்கும் வடிவு, உடல். பரமபதத்தில் நித்யஸூரிகள் அநுபவிப்பதையும் திவ்யமங்கள விக்ரஹம் என்றே சொல்கிறோம். ஆகவே விக்ரஹம் வேறெங்கோ உள்ள ஒன்றின் நிழல் ஆகாது. அது அவன் திருமேனியே. வைகானஸ ஆகமம் துருவபேரம், கௌதுகபேரம், உத்ஸவபேரம், ஸ்நபநபேரம், பலிபேரம் என ஐந்தாக வகுக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கைங்கர்யத்தை ஏற்பதற்காக. மக்கள் வழக்கிலோ பெருமாள், தாயார், மூலவர், உத்ஸவர் என்பவையே உள்ளன. உலோகமா சிலையா என்ற பேச்சே அச்சொற்களில் இல்லை. அர்ச்சாவதாரத்தின் உபாதானத்தை ஆராய்வது, தன்னைப் பெற்ற தாயின் ஒழுக்கத்தைச் சோதிப்பதற்கு ஒப்பான கொடுமை என்று ஸ்ரீவசநபூஷணம் கருதுகிறது.

பிள்ளை லோகாசார்யர் அந்நூலில் எம்பெருமானின் ஐந்து நிலைகளுக்கும் தண்ணீரை உவமை காட்டுகிறார். அந்தர்யாமி நிலை பூமிக்கு அடியில் உள்ள நீர். தோண்டும் கருவியும் வல்லமையும் உள்ளவனுக்கே கிடைக்கும். பரத்வம் அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர். வ்யூஹம் பாற்கடல். ராம க்ருஷ்ணாதி விபவங்கள் பெருகிவரும் ஆறு. அர்ச்சை, அவ்வாறு வடிந்த பின்னும் தேங்கி நிற்கும் மடு.

காவிரிக் கடைமடையில் பிறந்தவர்களுக்கு இவ்வுவமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வரும். கரை நிறையப் போகும் ஆண்டும் உண்டு. ஆனால் அது நிற்காது, கடலுக்குப் போய்விடும். போகும்போது கரையில் இருந்தவன் மொண்டான்; பிந்தி வந்தவன் மணலைப் பார்த்து நின்றான். அயோத்தியில் பிறவாத நாம், ஆயர்பாடியில் இல்லாத நாம், பிந்தி வந்தவர்கள். நமக்கு மிஞ்சியது மடு. அந்த மடுவில் இருப்பது வேறு நீரன்று. அதே ஆற்று நீர். ஐடல் என்னும் சொல்லுக்கும் அர்ச்சை என்னும் சொல்லுக்கும் உள்ள தூரம் இங்கே தெளிவாகிறது. எய்டோலன் என்பது நீரில் தெரியும் நிழல், குடிக்க உதவாது. அர்ச்சை என்பது நீர், விடாய் தீர்க்கும். திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஆறாம் திருவாய்மொழியை அர்ச்சாவதார ஸௌலப்யத்தைச் சொல்வதாகவே நம் பூர்வர்கள் நிர்வஹித்திருப்பதும் இக்காரணத்தாலேயே.

இனிப் பொய்கையாழ்வார் பாசுரத்துக்கு வருவோம். அடியார் விரும்பியதே உருவம் என்றால், அடியார் செய்த உருவத்துக்குள் அவன் ஒளிந்துகொண்டான் என்பது பொருளன்று. அவர்கள் விருப்பத்தையே தனக்கு உருவமாக ஏற்றான் என்பது பொருள். ஐதிஹ்யம் ஒன்று இதற்குச் சொல்வதுண்டு. எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது, தெருவில் சிறுபிள்ளைகள் மணலில் கோயில் கட்டி, பெருமாளை எழுதி, மணலையே அமுது செய்வித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவரையும் ஸேவிக்க அழைத்து, மணலைப் பிரஸாதமாக நீட்டினர். எம்பெருமானார் தெருவில் தண்டனிட்டு, அதைத் தம் பாத்திரத்தில் ஏற்றார். தரங்கம்பாடித் திண்ணையில் சீகன்பால்குவும் பிள்ளைகளோடு மணலில்தான் இருந்தார்; மணலில் எழுத்தைக் கற்றார். எம்பெருமானார் மணலில் எம்பெருமானைக் கண்டார். பிள்ளைகளின் விருப்பம் உண்மையானது, ஆகவே அவ்வுருவமும் உண்மையானது என்பதே அவர் திருவுள்ளம்.

ஆனந்தமங்கலத்தில்

தரங்கம்பாடிக்கு மிக அருகில் உள்ளது ஆனந்தமங்கலம். மூன்று கண்களும் பத்துத் திருக்கரங்களும் கொண்ட ஆஞ்சநேயரால் பலரும் அறிந்த ஊர். அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் திருக்கோயிலிலிருந்து, 1978ஆம் ஆண்டு, விஜயநகர காலத்தவரான ஸ்ரீராமர், ஸீதாப்பிராட்டி, இளையபெருமாள் திருமேனிகள் களவு போயின. 1958இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அவர்களைப் படம் எடுத்து வைத்திருந்தனர். அந்தப் படங்களைக் கொண்டு ஒப்பிட்டதனால், இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்தவர்கள் இவர்களே என்று அடையாளம் தெரிந்தது. விலைக்கு வாங்கியிருந்தவர் மனமுவந்து திருப்பித் தந்தார். 2020 செப்டம்பரில் இலண்டனில் நம் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டு, 42 ஆண்டுகளுக்குப் பின் தாயகம் எழுந்தருளினார்கள். களவைப் பிடித்துக் கொடுத்த அந்தப் புகைப்படமே மெய்யான எய்டோலன், நிழலுரு. அந்நிழலும் பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்தது.

இதைக் கேட்டபோது நம்பெருமாள் நினைவு வராமல் இராது. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தபோது, அதே பிள்ளை லோகாசார்யர் தம் முதுமையில் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு காடும் மேடும் கடந்து, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டை அலங்கரித்தார். 1371இல் பெருமாள் திரும்பி எழுந்தருளியபோது இவர் பழைய பெருமாளேயோ என்ற ஐயம் எழுந்தது. கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தை உட்கொண்டு, இவர் நம் பெருமாளே என்றார். அச்சொல்லே அவருக்குத் திருநாமமாயிற்று. பார்வையில்லாதவருக்கு உருவம் தெரிந்திராது, ஆளைத் தெரிந்தது. அடியார் இட்ட பெயரையே தன் பெயராகக் கொள்கிறான் என்று பொய்கையாழ்வார் அருளியதற்கு இதைவிடப் பெரிய வியாக்கியானம் வேண்டுமோ!

ஆனந்தமங்கலம் ஸந்நிதியில் நின்று பேத்திக்கு இக்கதைகளைச் சொல்லி முடித்தோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. தீர்த்தம், சடாரி ஸாதித்த பின் வெளியே வரும்போது கேட்டாள்: "தாத்தா, அந்த நாப்பத்திரண்டு வருஷம் ராமருக்கு யாரு தளிகை பண்ணினா?"

நம்மால் விடை சொல்ல இயலவில்லை. கண்ணை மறைத்த நீரைத் துடைத்துக்கொண்டு நடந்தோம். சிலை என்று நினைப்பவர் எவ்வளவு விலை என்று கேட்பார்; கலைப்பொருள் என்று நினைப்பவர் எந்த நூற்றாண்டு என்று கேட்பார். பெருமாள் என்று நினைப்பவரே பசித்திருப்பாரே என்று கேட்பார். பயிற்சித்தாளின் கேள்விக்கு அவளே விடை கண்டுவிட்டாள்.

ஊர் திரும்பியதும் அவள் சரி, தவறு இரண்டுக்கும் குறியிடாமல், பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். நாங்கள் உருவத்தை வழிபடுவதில்லை. எங்களுக்காக உருவம் கொண்டு வந்தவரை வழிபடுகிறோம் என்பது அதன் கருத்து. நாம் ஒரு திருத்தமும் செய்யவில்லை.

அயல்நாடுகளில் வாழும் பாகவதர்களிடம் ஒரு விண்ணப்பம். பிறரிடம் ஆங்கிலத்தில் பேச நேரும்போது அர்ச்சை, விக்ரஹம், பெருமாள் என்ற சொற்களையே கூசாமல் ஆளுங்கள். கேட்பவர் பொருள் கேட்டால் சொல்ல ஒரு வாய்ப்பும் கிடைக்கும். அவர்கள் ஐடல் என்றால் சினம் வேண்டா. அச்சொல்லைச் சுமந்து வந்தவர்கள் அதன் எடையை அறியார்கள். ஆனால் சொல்லைத் திருத்துவதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வேலைக்கு நேரமாயிற்று என்று கோயிலாழ்வாரைத் திறவாமல் போகும் நாளில், அவரை ஐடலாக ஆக்குகிறவர்கள் நாமே. ஒரு வட்டில் பாலும் ஒரு திருத்துழாய் தளமும் ஸமர்ப்பிக்க ஐந்து நிமிடம் போதும். மடுவில் நீர் இருக்கிறது. குனிவது ஒன்றே நம் பங்கு.

அந்தப் பழைய பதிவேட்டு வரியை இனி அழிக்க இயலாது. அதற்கு ஈடாக, அந்த முதிய அர்ச்சக ஸ்வாமியின் திருவடிகளை நினைத்து இக்கட்டுரையை ஸமர்ப்பிக்கிறோம். குற்றங்குறைகளைப் பொறுத்தருளப் பிரார்த்திக்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.